ஆர்டெம்ஸ் டூல்செயின் பில்டு பாதியில நிக்குதா? எரரை வச்சு காரணம் பிடிக்கிற வழி

ஆர்டெம்ஸ்ங்கிறது சின்ன போர்டுகள்ல ஓடுற ரியல்-டைம் ஆப்பரேட்டிங் சிஸ்டம். அதுக்கு கிராஸ் கம்பைலர் (உங்க மெஷின்ல ஓடி, டார்கெட்னு சொல்ற வேற சிப்புக்கு கோடு தர்ற கம்பைலர்) கட்டுறது வெளியில இருந்து பாத்தா ஒரே கமாண்டுதான். இதுக்குன்னே இருக்குற ஆர்டெம்ஸ் சோர்ஸ் பில்டரை கிட் ரெப்போல இருந்து எடுத்து, அதுக்குள்ள ஆர்டெம்ஸ் ஃபோல்டருக்கு போய், எஸ்பி-செட்-பில்டர் கமாண்டுக்கு ப்ரிஃபிக்ஸையும் (எந்த ஃபோல்டர்ல இன்ஸ்டால் ஆகணும்ங்கிறது) "6/ஆர்டெம்ஸ்-ஆர்ம்"னு செட் பேரையும் குடுத்தா பின்யூட்டில்ஸ் (அசெம்பிளர், லிங்கர்), ஜிசிசி (கம்பைலர்), நியூலிப் (சி லைப்ரரி), ஜிடிபி (டீபக்கர்) எல்லாத்தையும் அதுவே இறக்கி, பேட்ச் போட்டு, கம்பைல் பண்ணி வச்சிரும். ஓடுற வரைக்கும் சொகம்தான். நின்னுச்சுன்னா பத்தாயிரக்கணக்கான வரி லாக்கை கையில குடுத்துட்டு அது ஒதுங்கிக்கும். இங்க எழுதியிருக்குறதுல பாதிக்கு மேல ஆர்ம்-நன்-இஏபிஐ மாதிரி எந்த பேர்மெட்டல் (ஓஎஸ் இல்லாத போர்டுக்கான) டூல்செயினுக்கும் பொருந்தும், ஏன்னா உள்ள இருக்குறது அதே ஜிசிசிதான்.

என்ன எரர்னு பாக்குறதுக்கு முன்னாடி எந்த கம்பைலர் கத்துதுன்னு பாருங்க. இந்த பில்டுல ரெண்டு கம்பைலர் இருக்கு. ஒண்ணு உங்க மெஷின்ல ஏற்கனவே இருக்குற ஹோஸ்ட் ஜிசிசி அல்லது கிளாங், ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர் (ஜிசிசிக்கு வேணுங்கிற கணக்கு லைப்ரரிகள்), பின்யூட்டில்ஸ், ஜிசிசியோட சொந்த கோடு எல்லாத்தையும் அதுதான் கம்பைல் பண்ணும். இன்னொண்ணு அப்படி பண்ணி பாதியில பொறக்குற எக்ஸ்ஜிசிசி, அதை வச்சுதான் லிப்ஜிசிசி (ஜிசிசியோட துணை லைப்ரரி), நியூலிப், லிப்எஸ்டிடிசி++ (சி++ லைப்ரரி) எல்லாம் டார்கெட்டுக்காக பில்டு ஆகும். எரர் வந்த ஃபோல்டர் பாத்ல "ஆர்ம்-ஆர்டெம்ஸ்6/லிப்ஜிசிசி" மாதிரி டார்கெட் பேர் ஒரு லெவலா வந்தா எக்ஸ்ஜிசிசி பக்கம் கோளாறு, வரலைன்னா ஹோஸ்ட் பக்கம். இதைக்கூட பாக்காம எரரை அப்படியே கூகிள்ல போட்டா, வேற ஆர்க்கிடெக்சருக்கு வேற வருஷத்துல யாரோ சொன்ன மருந்தை நம்ம மெஷினுக்கு போட்டுட்டு உக்காந்திருப்போம்.

அடுத்து, கடைசி வரியை நம்பாதீங்க. கடைசில "மேக்: எரர் 2"ன்னு நாலு வரி இருக்கும், அது வெறும் எதிரொலி. பேரலலா பில்டு ஓடுறதுனால உண்மையான எரர் வந்த பிறகும் மத்த ஜாப் எல்லாம் கொஞ்ச நேரம் ஓடி லாக்கை நிரப்பிட்டுதான் நிக்கும். அதனால எப்பவும் --லாக் குடுத்து ஓட்டுங்க, லாக்ல "எரர்:"னு முதல் முதலா எங்க வருதுன்னு கிரெப் பண்ணுங்க. ஃபெயில் ஆனா ஆர்எஸ்பி-ரிப்போர்ட்னு ஆரம்பிக்கிற ஒரு டெக்ஸ்ட் ஃபைலும் வரும், யார்கிட்டயாவது உதவி கேட்கும்போது அதை குடுங்க, ஸ்கிரீன்ஷாட் வேணாம். --நோ-க்ளீன் போட்டு ஓட்டினா பில்டு ஃபோல்டர் அழியாம இருக்கும், கான்ஃபிக் லாக் (கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் பண்ற டெஸ்ட் எல்லாம் பதிவாகுற ஃபைல்) பாக்கணும்னா அது கட்டாயம் வேணும்.

ஆரம்பிச்ச உடனே நிக்குது

"பைத்தான்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி"ன்னு வந்தா, உபுண்டு 20.04-ல இருந்து வெறும் "பைத்தான்"ங்கிற கமாண்டு டீஃபால்ட்டா இல்ல, பைத்தான்-இஸ்-பைத்தான்3 பேக்கேஜ் போட்டா தீந்துச்சு. பில்டுக்கு முன்னாடி எஸ்பி-செக் ஓட்டுங்க, "என்விரான்மென்ட் இஸ் ஓகே"ன்னு வரணும். ஜிடிபி வரைக்கும் போய் பைத்தான் ஹெடர் இல்லன்னு நின்னா பைத்தான்3-டெவ் போடணும், "நோ டெர்ம்கேப் லைப்ரரி ஃபவுண்ட்"னா என்கர்சஸ் டெவ் பேக்கேஜ். "மேக்இன்ஃபோ இஸ் மிஸ்ஸிங்"னா டெக்ஸ்இன்ஃபோ. டாக்குமெண்டே வேணாமே எதுக்கு மேக்இன்ஃபோன்னு கேப்பீங்க, பேட்ச் போடும்போது ஃபைலோட டைம்ஸ்டாம்ப் மாறிடுது, மேக் அதைப் பாத்துட்டு இன்ஃபோ ஃபைல் பழசுன்னு நினைச்சு திரும்ப உருவாக்க பாக்குது, அவ்ளோதான்.

செக்சம் தப்புன்னு சொல்லுது

சோர்சஸ் ஃபோல்டர்ல இறங்குன அந்த டார் ஃபைல் மேல "ஃபைல்" கமாண்டை ஓட்டி பாருங்க. "ஹெச்டிஎம்எல் டாக்குமெண்ட்"னு வந்தா ஆபீஸ் ப்ராக்ஸியோ, செத்துப்போன மிரரோ ஒரு வெப் பேஜை டார்னு சொல்லி குடுத்திருக்கு. அழிச்சுட்டு வேற நெட்வொர்க்ல இறக்குங்க. எக்ஸ்இசட் ஃபைலாவே இருந்து சைஸ் மட்டும் கம்மியா இருந்தா பாதியில அறுந்தது, அதையும் அழிச்சுட்டு திரும்ப இறக்குங்க.

ரெண்டுமே இல்லாம முழுசா நல்ல டார்தான், ஆனா ஹாஷ் மட்டும் ஒத்துப்போகலைன்னா அது கிட்ஹப் தானா ஜெனரேட் பண்ற ஆர்க்கைவான்னு பாருங்க. 2023 ஜனவரி கடைசில அவங்க கம்ப்ரஷன் பண்ற முறையை மாத்துனதும் உலகம் முழுக்க செக்சம் ஒடஞ்சு, சில மணி நேரத்துல பழைய முறைக்கே திரும்புனாங்க. உள்ள இருக்குற கோடு ஒரு எழுத்துகூட மாறல, வெளிய ஜிஜிப் மட்டும் மாறுச்சு. அதனால டூல்செயினை வருஷக்கணக்கா பராமரிக்கிறவங்க சோர்சஸ் ஃபோல்டரை அப்படியே தன் சர்வர்ல ஒரு காப்பி வச்சுக்கிறது நல்லது. --சோர்ஸ்-ஒன்லி-டவுன்லோட்னு ஒரு ஆப்ஷன் இதுக்குன்னே இருக்கு. செக்சம் செக்கை ஆஃப் பண்ணிட்டு போறது வழி இல்ல, தயவுசெஞ்சு வேணாம்.

"குட் நாட் ஃபைண்ட் எ வொர்க்கிங் கம்பைலர்"

ஜிஎம்பி கான்ஃபிகர்ல இது வரும். ஜிசிசி மெஷின்ல இருக்கு, ஹலோ வேர்ல்டு ஓடுது, ஆனா வேலை செய்ற கம்பைலரே இல்லன்னு சொல்லும். கோபம் வரத்தான் செய்யும். கான்ஃபிக் லாக்கை திறந்து "லாங் லாங் ரிலையபிலிட்டி டெஸ்ட்"னு தேடுங்க. அந்த டெஸ்ட் ப்ரோக்ராம்ல ஜி-ன்னு ஒரு ஃபங்ஷன், ப்ராக்கெட்டுக்குள்ள ஒண்ணுமே இல்லாம டிஃபைன் பண்ணிட்டு, கூப்பிடும்போது மட்டும் ஆர்குமெண்ட் குடுத்து கூப்பிடும். பழைய சி-ல வெறும் ப்ராக்கெட்னா எத்தனை ஆர்குமெண்ட்னு சொல்லலன்னு அர்த்தம், சி23-ல ஆர்குமெண்ட்டே கிடையாதுன்னு அர்த்தம். 2025 ஏப்ரல்ல வந்த ஜிசிசி 15 டீஃபால்ட்டை சி23-க்கு மாத்திருச்சு, அதனால "டூ மெனி ஆர்குமெண்ட்ஸ் டு ஃபங்ஷன்"னு டெஸ்ட் விழுந்து, கம்பைலரே சரியில்லன்னு கான்ஃபிகர் முடிவு பண்ணிடுது. ஃபெடோரா 42-ல ஜிசிசி 15 இருக்கு, அதனால நேத்து வரைக்கும் ஓடுன பில்டு டிஸ்ட்ரோ அப்கிரேடு பண்ணதும் நிக்குதுன்னு வர்ற கேள்விக்கு பெரும்பாலும் இதுதான் பதில். கையால பில்டு பண்றவங்க சிஃபிளாக்ஸ்ல -எஸ்டிடி=ஜிஎன்யு17 குடுத்தா போயிரும்.

இதே வகையறா இன்னும் நிறைய இருக்கு, எல்லாமே பழைய டூல் சோர்ஸும் புது ஹோஸ்ட் கம்பைலரும் மோதுறது. "கேனாட் யூஸ் கீவேர்டு ஃபால்ஸ்"னு வந்தா அதுவும் சி23தான். "இம்ப்ளிசிட் டிக்ளரேஷன் ஆஃப் ஃபங்ஷன்" வார்னிங்கா இல்லாம எரரா வந்தா ஹோஸ்ட்ல இருக்குறது ஜிசிசின்னா பெரும்பாலும் அது 14 அல்லது அதுக்கு மேல. லிங்க் பண்ணும்போது "மல்டிப்பிள் டெஃபினிஷன் ஆஃப்"னு ஒரே குளோபல் வேரியபிளுக்கு வந்தா ஜிசிசி 10-ல மாறுன காமன் டீஃபால்ட், -எஃப்காமன் போட்டு தாண்டலாம். ஆர்டெம்ஸ் 4.11 இன்னும் ஓடிட்டு இருக்குற ப்ராஜெக்ட்னா அதுல ஜிசிசி 4.9.3, அது "சிஎஃப்என்எஸ்.ஜிபெர்ஃப்" ஃபைல்ல "ரீடிக்ளேர்டு இன்லைன் வித் ஜிஎன்யு_இன்லைன்"னு நிக்கும், சி++ ஸ்டாண்டர்டை ஜிஎன்யு++98-க்கு இறக்கணும்.

ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபிளாக் சேத்துக்கிட்டே போறது எனக்கு பிடிக்காத வேலை, ஏன்னா ரெண்டு வருஷம் கழிச்சு எது எதுக்கு போட்டோம்னு யாருக்கும் தெரியாது. பழைய ரிலீஸ் கட்டணும்னா அந்த காலத்து டிஸ்ட்ரோவை ஒரு கன்டெய்னர்ல வச்சு அதுக்குள்ள கட்டுங்க. டூல்செயின் வெர்ஷனை பின் பண்றவங்க (மாறாம நிறுத்தி வைக்கிறவங்க) ஹோஸ்டை பின் பண்ண மறந்துடறாங்க, பிரச்சினை பாதி அங்கதான்.

"கில்டு சிக்னல் டெர்மினேட்டட் ப்ரோக்ராம் சிசி1ப்ளஸ்"

மெமரி பத்தல. கெர்னல் லாக்கை காட்டுற டிமெசேஜ்ல "அவுட் ஆஃப் மெமரி: கில்டு ப்ராசஸ்"னு இருக்கும், உறுதி பண்ணிக்கங்க. ஜிசிசி சோர்ஸ்ல ஜிம்பிள்-மேட்ச், இன்சன்-ரெகாக் மாதிரி மெஷின் எழுதுன ராட்சச ஃபைல் சிலது இருக்கு, எல்லா கோர்லயும் ஒரே நேரத்துல அதெல்லாம் ஓடுச்சுன்னா சின்ன விஎம் தாங்காது. --ஜாப்ஸ்=2 இல்லைன்னா --ஜாப்ஸ்=ஹாஃப் போடுங்க, ஸ்வாப் கொஞ்சம் சேத்துக்கங்க. கோர் அதிகமா குடுத்து ராம் கம்மியா குடுத்திருக்குற சிஐ (தானா பில்டு ஓட்டுற) மெஷின்ல இது ரொம்ப சகஜம். ஒரு தடவை ஓடி ஒரு தடவை விழுந்தா மெமரியை முதல்ல சந்தேகப்படுங்க.

"கேனாட் கம்ப்யூட் சஃபிக்ஸ் ஆஃப் ஆப்ஜெக்ட் ஃபைல்ஸ்: கேனாட் கம்பைல்"

இது ஒரு எரரே இல்ல, பல எரருக்கு போட்ட ஒரே முகமூடி. லிப்ஜிசிசி கான்ஃபிகர் ஆகும்போதுதான் புதுசா பொறந்த எக்ஸ்ஜிசிசியை முதல் தடவையா ஓட்டிப் பாக்குறாங்க, ரெண்டு வரி சி கோடு கம்பைல் ஆகலைன்னா இந்த மெசேஜ் வரும். ஆப்ஜெக்ட் ஃபைல் சஃபிக்ஸுக்கும் உங்க பிரச்சினைக்கும் சம்பந்தமே கிடையாது.

செய்ய வேண்டியது: பில்டு ஃபோல்டருக்குள்ள டார்கெட் பேர்ல இருக்குற ஃபோல்டருக்கு போய், லிப்ஜிசிசிக்குள்ள இருக்குற கான்ஃபிக் லாக்கை திறங்க. கவனம், மேல இன்னொரு கான்ஃபிக் லாக் இருக்கும், அது ஹோஸ்டோடது, அதுல ஒண்ணும் கிடைக்காது, நிறைய பேர் அதை படிச்சுட்டு எல்லாம் சரியா இருக்கேன்னு முழிப்பாங்க. சரியான லாக்ல "கான்ஃப்டெஸ்ட்"னு தேடிட்டே வந்தா எக்ஸ்ஜிசிசியை கூப்பிட்ட முழு கமாண்டு ஒரு வரில இருக்கும், அதுக்கு நேர் கீழ் வரிதான் உண்மையான எரர். பெரும்பாலும் மூணுல ஒண்ணு.

"சிசி1: எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரிஸ்"னு எம்பிஎஃப்ஆர், எம்பிசி, ஐஎஸ்எல்ல ஏதாவது ஒரு பேர் வந்தா, அந்த லைப்ரரியை தனியா ஒரு ஃபோல்டர்ல போட்டு அதைக் காட்டி ஜிசிசி கட்டியிருக்கீங்க, ஆனா ஓடும்போது லோடருக்கு அந்த இடம் தெரியல. எல்டி_லைப்ரரி_பாத் வச்சு அப்போதைக்கு ஓட்டலாம், ஆனா நாளைக்கு அந்த கம்பைலரை வேற டெர்மினல்ல ஓட்டினா திரும்ப விழும். ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி மூணையும் ஜிசிசி சோர்ஸ் மரத்துக்குள்ளயே வச்சு ஸ்டேட்டிக்கா கட்டுறதுதான் சரி, ஜிசிசி சோர்ஸ்ல கான்ட்ரிப் ஃபோல்டர்ல டவுன்லோட்_ப்ரீரெக்விசிட்ஸ்னு ஸ்கிரிப்டே இருக்கு, சோர்ஸ் பில்டரும் மரத்துக்குள்ள வச்சுதான் கட்டுது.

"ஏஎஸ்: அன்ரெகக்னைஸ்டு ஆப்ஷன் -இஎல்" மாதிரி ஏதாவது வந்தா, ஆர்ம் அசெம்பிளர் கிடைக்காம உங்க எக்ஸ்86 மெஷினோட அசெம்பிளரை எடுத்து ஆர்ம் கோடை ஊட்டியிருக்கு. பின்யூட்டில்ஸ் இன்ஸ்டால் ஆகல, இல்ல வேற ப்ரிஃபிக்ஸ்ல ஆயிருக்கு, இல்ல டார்கெட் பேர் ஒரு இடத்துல ஆர்ம்-ஆர்டெம்ஸ்5, இன்னொரு இடத்துல ஆர்ம்-ஆர்டெம்ஸ்6. கையால கட்டுறவங்களுக்கு ரெண்டுக்கும் ப்ரிஃபிக்ஸ், டார்கெட் ரெண்டும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும்.

மூணாவது "இன்டர்னல் கம்பைலர் எரர்". உங்க என்விரான்மென்ட்ல -ஓ3, -மார்ச்=நேட்டிவ் மாதிரி ஃபிளாக் ஏதாவது ஒளிஞ்சிருக்கான்னு பாத்து எடுத்துட்டு திரும்ப கட்டுங்க. அப்பவும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்துல விழுந்தா ராம் ஸ்டிக்கை டெஸ்ட் பண்ணுங்க, விளையாட்டா சொல்லல, ஜிசிசி பில்டு மாதிரி மெமரியை பிழியுற வேலை கம்மி.

எதை சரி பண்ணாலும் பில்டு ஃபோல்டரை முழுசா அழிச்சுட்டு ஆரம்பிங்க. பழைய கான்ஃபிகர் முடிவு உள்ள கேஷ் ஆகி இருக்கும், சரி பண்ண பிறகும் அதே எரர் வந்து உங்களை குழப்பும்.

"லிங்க் டெஸ்ட்ஸ் ஆர் நாட் அலவ்டு ஆஃப்டர் ஜிசிசி_நோ_எக்ஸிக்யூட்டபிள்ஸ்"

லிப்எஸ்டிடிசி++ல வரும். டார்கெட்டுக்கு ஒரு ப்ரோக்ராமை லிங்க் பண்ணிப் பாக்க முடியல, அதனால லிங்க் டெஸ்ட்டே பண்ணக்கூடாதுன்னு கான்ஃபிகர் முன்னாடியே முடிவு எடுத்திருச்சு, அப்புறம் எங்கயோ ஒரு லிங்க் டெஸ்ட் வந்து முட்டுது. சி லைப்ரரி இல்லாம சி++ லைப்ரரி கட்டப் பாத்தா இப்படித்தான். நியூலிப் ஃபோல்டர் ஜிசிசி மரத்துக்குள்ள லிங்க் ஆயிருக்கான்னும், --வித்-நியூலிப் கான்ஃபிகர் வரில இருக்கான்னும் பாருங்க. ரெண்டும் இருந்தும் வந்தா நியூலிப் அதுக்கு முன்னாடியே எங்கயோ விழுந்திருக்கு, லாக்ல மேல போங்க.

டார்கெட் லைப்ரரி எரர்ல /யுஎஸ்ஆர்/இன்க்ளூட் தெரியுது

நியூலிப் கம்பைல் ஆகும்போது எரர்ல உங்க லினக்ஸோட /யுஎஸ்ஆர்/இன்க்ளூட் பாத் ஒரு தடவை வந்தாலும் போதும், ஹோஸ்ட் ஹெடர் உள்ள கசியுது. "ஜிஎன்யு/ஸ்டப்ஸ்-32.ஹெச் இல்ல"ன்னு வர்றதும் இதேதான், அதுக்கு மல்டிலிப் பேக்கேஜ் போடுங்கன்னு நெட்ல சொல்வாங்க, போடாதீங்க, எரர் மறையும் நோய் இருக்கும். சி_இன்க்ளூட்_பாத், சிபாத் இந்த ரெண்டு வேரியபிளை ஷெல்ல பாருங்க. எக்ஸ்ஜிசிசியும் ஜிசிசிதானே, அதுவும் இதையெல்லாம் மதிக்கும். அன்செட் பண்ணிட்டு புது ஷெல்ல ஓட்டுங்க.

இன்ஸ்டால்ல மட்டும் "ரான்லிப்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்"

சுடோ போட்டிருப்பீங்க. சுடோ உங்க பாத்தை தூக்கிப் போட்டுட்டு தன்னோட பாத்தை வச்சுக்கும், அதுல உங்க டூல் ஃபோல்டர் இருக்காது. ப்ரிஃபிக்ஸை உங்க ஹோமுக்குள்ள வச்சா சுடோவே தேவையில்ல.

ஆப்பிள் மேக்-ல மட்டும் விழுது

லினக்ஸ்ல ஓடுற அதே செட் மேக்-ல ரெண்டு இடத்துல முட்டும். எஸ்டிடிஐஓ ஹெடர்ல எஃப்டிஓபன் வரில "எக்ஸ்பெக்டட் ஐடென்டிஃபையர்"னு வந்தா பின்யூட்டில்ஸ் அல்லது ஜிசிசி கூட வர்ற பழைய இசட்லிப்தான் காரணம், அது பழங்காலத்து மேக்னு நினைச்சு எஃப்டிஓபனை நல்னு டிஃபைன் பண்ணுது, சிஸ்டம் இசட்லிப்பை எடுத்துக்க சொல்ற ஆப்ஷன் குடுங்க. எம்1-ல இருந்து வந்த மெஷின்ல "_ஹோஸ்ட்_ஹுக்ஸ்" சிம்பல் கிடைக்கலைன்னா உங்க ஜிசிசி வெர்ஷனுக்கு ஆப்பிள் சிலிக்கானை தெரியாது, பேட்ச் வேணும் இல்ல புது வெர்ஷன் வேணும்.

வெர்ஷன் ஏத்துன உடனே பேட்ச் விழுது

"ரிவர்ஸ்டு ஆர் ப்ரீவியஸ்லி அப்ளைடு பேட்ச் டிடெக்டட்"னா நல்ல செய்தி, நம்ம பேட்ச்சை அப்ஸ்ட்ரீம்லயே (மூல ப்ராஜெக்ட்லயே) சேத்துட்டாங்க, கான்ஃபிக் ஃபைல்ல அந்த வரியை எடுத்துருங்க. "ஹங்க் ஃபெயில்டு"னா சுத்தி இருக்குற கோடு மாறிருச்சு, கையால திரும்ப எழுதணும். அப்படி எழுதும்போது அந்த பேட்ச் எதுக்குன்னு ஒரு வரி மேல எழுதி வைங்க, அடுத்து வர்றவன் உங்களை வாழ்த்துவான்.

டூல்செயின் முடிஞ்சது, ஆப் லிங்க் ஆகல

"கேனாட் ஃபைண்ட் -எல்ஆர்டெம்ஸ்பிஎஸ்பி"ன்னா டூல்செயின்ல தப்பே இல்ல. -க்யூஆர்டெம்ஸ் ஃபிளாக் அந்த லைப்ரரியை கேக்குது, அது டூல்செயின் கூட வராது, ஆர்டெம்ஸ் சோர்ஸ்ல வாஃப்ங்கிற பில்டு டூலை வச்சு பிஎஸ்பி (உங்க போர்டுக்கான சப்போர்ட் பேக்கேஜ்) கட்டி இன்ஸ்டால் பண்ணாதான் வரும். வாஃப் கான்ஃபிகரே "குட் நாட் ஃபைண்ட் த ப்ரோக்ராம்"னு ஆர்ம்-ஆர்டெம்ஸ்6-ஜிசிசியை தேடினா பாத் இல்ல, இல்ல 5-க்கு கட்டுன டூலை வச்சு 6-ஐ கட்டுறீங்க. நியூலிப் ஹெடர்லயே ஆர்டெம்ஸுக்கான பகுதி இருக்கு, அதனால கெர்னலும் டூலும் ஒரே வெர்ஷன் ஜோடியா போகணும்.

"யூசஸ் விஎஃப்பி ரெஜிஸ்டர் ஆர்குமெண்ட்ஸ், டஸ் நாட்"னு வர்றது இன்னொண்ணு. ஃப்ளோட் ஆர்குமெண்ட்டை ஒரு ஃபைல் ஃப்ளோட்டிங் பாயிண்ட் ரெஜிஸ்டர்ல அனுப்புது, இன்னொரு ஃபைல் சாதா ரெஜிஸ்டர்ல எதிர்பாக்குது. ரீட்எல்ஃப்-ஐ -ஏ போட்டு ரெண்டு ஃபைல் மேலயும் ஓட்டுங்க, "டேக்_ஏபிஐ_விஎஃப்பி_ஆர்க்ஸ்" ஒண்ணுல இருக்கும், இன்னொண்ணுல இருக்காது, குற்றவாளி யாருன்னு தெரிஞ்சிரும். ஜைலிங்க்ஸோட ஜிங்க் சிப்புக்கான பிஎஸ்பி எடுத்துக்கிட்டா அது ஆர்ம்வி7-ஏ, தம்ப், நியான், ஹார்டு ஃப்ளோட்னு கட்டுது, உங்க மேக்ஃபைல்ல ஹார்டு ஃப்ளோட்டை விட்டா இந்த எரர்தான். ஃபிளாக்கை ஞாபகத்துல இருந்து டைப் பண்ணாம, பிஎஸ்பி இன்ஸ்டால் ஆகும்போது பிகேஜி-கான்ஃபிக் ஃபோல்டர்ல விழுற பிசி ஃபைல்ல இருந்து எடுங்க.

எல்லாம் சரியா குடுத்தும் வருதுன்னா அந்த காம்பினேஷனுக்கு மல்டிலிப் (ஒவ்வொரு ஃபிளாக் காம்பினேஷனுக்கும் தனியா கட்டி வைக்கிற லைப்ரரி காப்பி) கட்டலையோன்னு பாருங்க. கம்பைலரை உங்க முழு ஃபிளாக்கோட -பிரிண்ட்-மல்ட்டி-டைரக்டரி போட்டு ஓட்டுங்க. ஒரு ஃபோல்டர் பேர் வந்தா நல்லது. வெறும் புள்ளி வந்தா உங்க ஃபிளாக்குக்குன்னு தனி லைப்ரரி இல்ல, டீஃபால்ட் நியூலிப்பை எடுக்குது. -பிரிண்ட்-மல்ட்டி-லிப் போட்டா என்னென்ன இருக்குன்னு முழு லிஸ்ட் வரும், அதுல கிட்டத்துல இருக்குற காம்பினேஷனுக்கு உங்க ஃபிளாக்கை மாத்துறது, ஜிசிசியோட மல்டிலிப் ஃபைலை திருத்தி எல்லாத்தையும் திரும்ப கட்டுறதை விட ரொம்ப லேசு.

மாசக்கணக்கா ஓடுன ஜிடிபி திடீர்னு திறக்கல

"லிப்பைத்தான்3 ஷேர்டு ஆப்ஜெக்ட் கிடைக்கல"ன்னு வந்தா டிஸ்ட்ரோ அப்கிரேடுல பைத்தான் வெர்ஷன் மாறிருச்சு, ஜிடிபி மட்டும் பழசை தேடிட்டு இருக்கு. பழைய பேர்ல சிம்லிங்க் போட்டு ஏமாத்தாதீங்க, திறக்கும், பிரிட்டி பிரிண்டர் ஓடும்போது கிராஷ் ஆகும். ஜிடிபியை மட்டும் திரும்ப கட்டினா போதும், கம்பைலரை தொட வேணாம்.